தேங்கி நிற்கும் கோப்பு

பாளையங்கோட்டைக்கு மேற்புறத்தில், பாளையங்கால்வாய் பாயும் வழியில் அமைந்த ஊர் மேலப்பாளையம். கைத்தறி நெசவாலும் கால்நடைச் சந்தையாலும் பெயர் பெற்ற இவ்வூர், 1994ஆம் ஆண்டு முதல் திருநெல்வேலி மாநகராட்சியின் ஒரு பகுதியாக விளங்கி வருகிறது. பழைய தெருக்கள் குறுகியவை. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. இவ்வீடுகள் பலவற்றில் இன்று கூடத்துச் சுவரிலோ அலமாரியின் மேலோ, சிறு விளக்குகள் மினுக்கும் பெட்டி ஒன்று அமர்ந்திருக்கிறது. அதனைத் தமிழில் திசைவி என்பர். வழக்கில் ரௌட்டர் என்றும் வைஃபைப் பெட்டி என்றும் கூறுவர். கம்பி வழியாக வீட்டு வாயில்வரை வந்த இணையத்தைக் கம்பியின்றி அறைதோறும் பரப்புவது இதன் தொழில்.

இப்பெட்டி உள்ள வீட்டில் மாணவி ஒருத்தி தன் பாடநூலை இணையத்திலிருந்து இறக்குகிறாள் என்று கொள்வோம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இப்பொழுது அச்சு நூல்களாக மட்டுமன்றிக் கோப்புகளாகவும் கிடைக்கின்றன. நூற்றுக்கு நாற்பது பங்கு விரைவாக வந்து சேர்கிறது. பிறகு அசைவில்லை. கைப்பேசியின் மேல்மூலையில் அலையின் வலிமையைக் காட்டும் கோடுகள் நிறைந்தே இருக்கின்றன. கோப்போ நின்ற இடத்திலேயே நிற்கிறது. 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் இணையத்தின் வழியே நடந்த காலத்தில், இவ்வாறு நின்ற கோப்பு ஒரு நாட்பாடத்தையே இழக்கச் செய்யக்கூடியதாக இருந்தது. இன்றும் கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளன்று மாலையில் இது நேர்ந்தால், அதனைச் சிறிய இடையூறு என்று யாரும் சொல்லமாட்டார்.

அவ்வேளையில் பெரும்பாலோர் செய்வது யாது? பெட்டியை அணைத்துப் பின் ஏற்றுகின்றனர். அதனால் சில சமயம் பயன் கிட்டுவதும் உண்டு. ஆனால் பிழை எங்கே இருந்தது என்பதற்கான தடயம் அத்துடன் அழிந்துபோகிறது. மறுநாள் அதே பிழை மீண்டும் வந்து நிற்கிறது. வேறு சிலர் இணையம் தரும் நிறுவனத்தை ஏசுகின்றனர். வேறு சிலர் புதிய பெட்டி வாங்கிவிடுகின்றனர். இவர்களுள் எவரும் பிழையைத் தேடவில்லை என்பதே உண்மை.

தேடும் முறையை இவ்வூர்க் கால்வாயே நமக்குக் காட்டுகிறது. பாளையங்கால்வாய், பழவூர் அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரிந்து, பல ஊர்களைக் கடந்து வருவது. கடைமடை வயலுக்கு நீர் வரவில்லை என்றால் உழவர் நேரே அணைக்கட்டுக்கு ஓடுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் இட்டு, தம் வயல் மடையில் தொடங்கி, வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடக்கிறார். மடையில் நீர் இல்லை. கிளை வாய்க்காலில் இருக்கிறதா? கிளையிலும் இல்லையெனில் மதகில் இருக்கிறதா? நீர் நின்ற இடத்துக்கும் நீர் ஓடும் இடத்துக்கும் இடையில்தான் அடைப்பு இருந்தாக வேண்டும். இணையக் கோப்புக்கும் இத்தகைய வழி உண்டு. கைப்பேசி, அதற்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள வெளி, பெட்டி, அதிலிருந்து செல்லும் கண்ணாடி இழைக் கம்பி, நிறுவனத்தின் நிலையம், அதற்கப்பால் தொலைவில் கோப்பை வைத்திருக்கும் கணினி என அவ்வழி நீளும். இவற்றுள் எந்த இடத்தில் அடைப்பு என்பதே வினா.

வழியில் நடக்குமுன், கோப்பு எவ்வாறு பயணம் செய்கிறது என்பதை அறிதல் வேண்டும். நூல் முழுவதும் ஒரே மூட்டையாக வருவதில்லை. அது சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பொதியின் அளவு பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மேற்படாது. 15 மெகாபைட் அளவுள்ள பாடநூல் என்றால் ஏறத்தாழ 10,000 பொதிகள் ஆகின்றன. ஒவ்வொன்றுக்கும் வரிசையைக் காட்டும் எண் உண்டு. பெற்றுக்கொண்ட கணினி, 'இதுவரை வந்து சேர்ந்தன' என்று ஒப்புகை அனுப்ப வேண்டும். பதிவுத் தபாலுடன் ஒப்புகை அட்டை இணைத்து அனுப்பிய வழக்கத்தைப் பெரியோரிடம் கேட்டறியலாம். இஃது அதனைப் போன்றதே. இம்முறையை 1974ஆம் ஆண்டில் விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வகுத்து வெளியிட்டனர். டி.சி.பி. என்னும் பெயரால் அஃது இன்றும் உலகெங்கும் வழங்குகிறது.

ஒப்புகை வரவில்லையென்றால் அனுப்பிய கணினி அப்பொதியை மீண்டும் அனுப்பும். அதற்கும் ஒப்புகை வராவிடில் காத்திருக்கும் நேரத்தை இருமடங்காக்கிக்கொள்ளும். முதலில் 1 நொடி காத்ததாயின், அடுத்து 2, பின்னர் 4, 8, 16 நொடிகள் என அது வளரும். ஆகவே, வழியில் சிறிதுநேரமே நேர்ந்த இடையூறும் திரையில் நெடுநேர அமைதியாகத் தோன்றுகிறது. இடையூறு நீங்கிய பின்னும், அனுப்புவோன் தான் குறித்துக்கொண்ட நேரம் முடியும்வரை வாய்திறப்பதில்லை.

இது மடமையாயிற்றே, உடனுக்குடன் விடாது அனுப்பினால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஏறக்குறைய அவ்வாறு செய்து பார்த்த காலமும் இருந்தது. 1986ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே ஓடிய இணைய வழி திடீரென்று நலிந்தது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு 400 கெஜமே. நொடிக்கு 32,000 பிட்டு சென்றுகொண்டிருந்த வழியில் 40 பிட்டு மட்டுமே செல்லலாயிற்று. எண்ணூற்றில் ஒரு பங்கு! நொடிக்கு ஐந்து ஆங்கில எழுத்துகள் செல்லும் வேகம் அது. கம்பி அறுபடவில்லை, எந்திரம் பழுதாகவில்லை. வழியில் நெரிசல் மிகுந்து பொதிகள் தவறின. தவறியவற்றை எல்லாக் கணினிகளும் அடக்கமின்றி மீண்டும் மீண்டும் அனுப்பின. அதனால் நெரிசல் மேலும் மிகுந்தது. வான் ஜேக்கப்சன் என்னும் அறிஞர், மைக்கேல் கரெல்ஸ் என்பவருடன் சேர்ந்து இதனை ஆராய்ந்து, 1988ஆம் ஆண்டில் தீர்வை வெளியிட்டார். தொடக்கத்தில் சிறிதளவே அனுப்புக. ஒப்புகை வரவர அளவை உயர்த்துக. பொதி தவறினால், நெரிசல் என்று கொண்டு உடனே குறைத்துக்கொள்க. இதுவே அத்தீர்வின் சாரம். இணையம் இன்று இத்தனை கோடி மக்களைத் தாங்கி நிற்பதற்கு இந்த அடக்கமும் ஒரு காரணம்.

ஆனால் அந்த அடக்கத்தில் ஒரு குறை உண்டு. பொதி நெரிசலால் தவறியதா, சுவர் தடுத்ததால் தவறியதா என்று அனுப்புவோனுக்குத் தெரியாது. மேலப்பாளையத்து வீட்டில் இரும்பு அலமாரி ஒன்று அலையை மறைத்தாலும், எங்கோ தொலைவிலுள்ள கணினி அதனை நெரிசல் என்று எண்ணித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கோப்பு தேங்கியது என்றால் பொதிகளோ ஒப்புகைகளோ எங்கோ தவறுகின்றன அல்லது மிகத் தாமதமாகின்றன என்பதே பொருள். இனி உழவரைப்போல் மடையிலிருந்து புறப்படுவோம்.

முதற் சோதனை மிக எளிது. பெட்டியின் பின்புறத்தில் கம்பி செருகும் துளைகள் இருக்கும். லேன் கம்பி ஒன்றினால் கணினியைப் பெட்டியோடு நேரே இணைத்து, அதே கோப்பை இறக்குக. கம்பியில் தடையின்றி வந்துவிட்டால், பெட்டிக்கு அப்பாலுள்ள வழி முழுவதும் நன்றாகவே இருக்கிறது. குற்றம் வீட்டுக்குள் உள்ள வெளியில்தான். கம்பியிலும் தேங்கினால் வெளியின்மேல் பழி இல்லை. ஒரே சோதனையால் வழியின் ஒரு பாதி ஐயத்திலிருந்து நீங்கிவிடுகிறது. மேசைக் கணினியோ மடிக்கணினியோ இல்லாத வீட்டில், கைப்பேசியைப் பெட்டிக்கு நான்கடி தொலைவில் வைத்துச் சோதிக்கலாம். அஃது இத்துணைத் தெளிவாக இராது எனினும் பயன் தரும்.

குற்றம் வெளியில் என்று தெரிந்தால், அவ்வெளியில் நிகழ்வதை அறிதல் வேண்டும். அலைகள் சுவரைக் கடப்பது புதுமை அன்று. 1895ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் சகதீச சந்திர போசு, கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலையைச் சுவர்களுக்கு அப்பால் செலுத்தி, மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவும் செய்து காட்டினார். நம் வீட்டுப் பெட்டி இருவகை அலைகளை எழுப்பும். ஒன்று 2.4 கிகாஹெர்ட்சு அதிர்வெண் உடையது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். மற்றொன்று 5 கிகாஹெர்ட்சு. அலைநீளம் 6 சென்டிமீட்டர் அளவு. முன்னது சுவர்களை ஓரளவு எளிதாகக் கடந்து தொலைவு செல்லும். பின்னது விரைவு மிக்கது, ஆனால் சுவரில் வலியிழக்கும். இரும்புக் கம்பி பாவிய கான்கிரீட்டும், இரும்பு அலமாரியும், நீர்த்தொட்டியும் இரண்டுக்குமே பகை.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்சுப் பகுதியை வலிமை குறைந்த கருவிகளுக்கு உரிமம் இன்றியே பயன்படுத்தலாம் என்று 2005ஆம் ஆண்டில் அரசு ஆணை பிறந்தது. 5 கிகாஹெர்ட்சுப் பகுதியின் உரிமமற்ற எல்லை 2018ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்டது. உரிமம் வேண்டாம் என்பது நன்மையே. அதனாலேயே எவரும் கடையில் பெட்டி வாங்கி மாட்டிக்கொள்ள முடிகிறது. ஆயினும், அனைவருக்கும் உரிய பொதுவெளி என்பதனால் அங்கே கூட்டமும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்சுப் பகுதியின் முழு அகலம் 83.5 மெகாஹெர்ட்சு. அதனைத் தடங்களாகப் பகுத்து எண் இட்டிருக்கின்றனர். ஒரு பெட்டி பேசுவதற்கு 20 மெகாஹெர்ட்சு அகலம் வேண்டும். தடங்களோ 5 மெகாஹெர்ட்சுக்கு ஒன்றாக நெருங்கி அமைந்தவை. ஆதலின் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 என்னும் மூன்று தடங்களே.

சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் இருபது வீட்டுப் பெட்டிகள் இருந்து, மூன்றே தடங்களைப் பங்கிட்டுக்கொண்டால் என்ன ஆகும்? மேலப்பாளையத்துச் சந்தையில் ஆடு விலை பேசுவோரை நோக்கினால் இது விளங்கும். ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுத்தால் விலை படியும். அனைவரும் ஒருங்கே கூவினால் எவர் சொன்னதும் எவர் காதிலும் விழாது. இச்சிக்கலை முதன்முதலில் நேரிட்டவர்கள் ஹவாய்த் தீவினர். 1971ஆம் ஆண்டில் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ராம்சன் குழுவினர், தீவுகளில் உள்ள கணினிகளை வானொலி அலையால் இணைத்து, 'அலோகா' என்று பெயரிட்டனர். நினைத்தபோது பேசு, பேச்சு மோதினால் சிறிது பொறுத்து மீண்டும் பேசு என்பது அவர்கள் வகுத்த நெறி. இன்றைய வைஃபைப் பெட்டி இன்னும் பணிவுடையது. முதலில் உற்றுக் கேட்கும். பிறர் பேசவில்லை என்று தெளிந்த பின்பே பேசும். பக்கத்து வீட்டுப் பெட்டி அதே தடத்தில் பேசினால், அதன் முறை முடியும்வரை நம் பெட்டி காத்திருக்கும். ஆனால் 3ஆம் தடத்திலோ 4ஆம் தடத்திலோ பேசும் பெட்டி, 1, 6 இரண்டிலும் பாதி படிந்து, தெளிவற்ற இரைச்சலாய் நின்று கெடுக்கும். ஒரே தடத்தில் இருக்கும் அண்டைவீட்டாரை விடப் பாதி விலகி நிற்கும் அண்டைவீட்டாரே தொல்லை மிக்கவர் என்பது வியப்பாகத் தோன்றினும் உண்மை. நுண்ணலை அடுப்போ யார் முறையையும் மதிப்பதில்லை. அதன் அலையும் 2.45 கிகாஹெர்ட்சு அளவினதே. அடுப்பு ஓடும் சில நிமிடங்களில் மட்டும் கோப்பு தேங்குவதாயின் கள்வன் அகப்பட்டான் எனலாம்.

கைப்பேசியில் கோடுகள் நிறைந்திருந்தும் கோப்பு நிற்பதன் புதிரும் இங்கே அவிழ்கிறது. அக்கோடுகள், பெட்டியின் குரல் நம் செவியில் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுவன. சுற்றிலும் எவ்வளவு இரைச்சல் உள்ளது என்பதை அவை காட்டா. கைப்பேசியின் மெல்லிய குரல் பெட்டியை எட்டுகிறதா என்பதையும் அவை அறியா. ஒப்புகைகள் செல்வது அம்மெல்லிய குரலில்தான்.

எனவே செய்ய வேண்டுவன இவை. பெட்டியை மூலையிலும் அலமாரிக்குள்ளும் வையாது, வீட்டின் நடுவில் உயரமான இடத்தில் காற்றோட்டமாக வைத்தல் வேண்டும். திருநெல்வேலி வெயிலில் மூடிய அலமாரிக்குள் வெப்பமுற்ற பெட்டி தடுமாறுவது இயல்பு. பெட்டியுள்ள அறையிலேயே படிப்பவர் 5 கிகாஹெர்ட்சை நாடுவது நலம். 2.4ஐப் பயன்படுத்துவோர், அக்கம்பக்கத்துப் பெட்டிகள் எத்தடத்தில் உள்ளன என்பதைக் கைப்பேசிச் செயலியால் அறிந்து, 1, 6, 11 ஆகியவற்றுள் கூட்டம் குறைந்ததைத் தேர்தல் வேண்டும். இவற்றை ஒருங்கே செய்துவிடல் ஆகாது. ஒன்றை மாற்றி, அதே கோப்பை இறக்கிப் பார்த்து, முடிவைக் குறிப்பேட்டில் எழுதிய பின்பே அடுத்ததை மாற்ற வேண்டும். மூன்றை ஒரே நேரத்தில் மாற்றியவன், கோப்பு வந்துவிட்டாலும் எதனால் வந்தது என்று அறியமாட்டான்.

இனி, கம்பியிலும் தேங்கும் நிலையைக் காண்போம். முதலில், வேறோர் இடத்திலிருந்து வேறொரு பெரிய கோப்பை இறக்கிப் பார்க்க வேண்டும். அது நன்கு வருமாயின் குற்றம் பெரும்பாலும் முதற் கோப்பை வைத்திருக்கும் கணினியின் பக்கமே. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அத்தளத்தை அனைவரும் நாடுவதால் தேங்குவது இவ்வகை. இங்கே பொறுத்திருத்தலன்றி வேறு வழியில்லை.

வீட்டுக்குள்ளேயே நெரிசல் எழுவதும் உண்டு. வளைகுடா நாட்டில் பணிபுரியும் தந்தையுடன் ஒரு கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகின்றனர். மற்றொன்று நேற்றைய திருமணப் படங்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறது. அந்நேரம் மாணவி கோப்பை இறக்குகிறாள். மேலே செல்லும் வழி குறுகியதாயின், பெட்டி அப்படங்களையெல்லாம் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்துகிறது. மாணவியின் சிறிய ஒப்புகைகள் அந்நீண்ட வரிசையின் பின்னே நிற்கின்றன. இறங்கும் வழி வெறுமையாய்க் கிடக்கவும் கோப்பு இறங்காது! ஜிம் கெட்டிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 2010ஆம் ஆண்டில், தம் வீட்டிலிருந்து பெருங்கோப்புகளை அனுப்பும்போது காலதாமதம் பெருகக் கண்டு ஆராய்ந்து, பெட்டிகளில் அளவுக்கு மிஞ்சிய வரிசையிடம் வைப்பதே கேடு என்று எடுத்துரைத்தார். ஏற்றுவதைச் சற்று நிறுத்திப் பார்த்தால் இதனைக் கண்டறியலாம்.

இன்னும் ஒருவகைப் பிழை உண்டு. செய்திகள் வருகின்றன, சிறு பக்கங்கள் திறக்கின்றன, பெருங்கோப்பு மட்டும் தொடங்கிய உடனே நின்றுவிடுகிறது. எத்தனை முறை முயன்றாலும் அவ்வாறே. இது பொதியின் அளவைப் பற்றியது. பல நிறுவனங்கள் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு இணைப்புத் தரும் முறையொன்றைக் கையாளுகின்றன. அம்முறையில் ஒவ்வொரு பொதியின்மீதும் 8 பைட்டு அளவுள்ள உறை ஒன்று ஏறுகிறது. ஆகவே 1500 பைட்டு செல்லும் வழியில் 1492 மட்டுமே செல்ல இயலும். உயரத்தைக் கட்டுப்படுத்தக் குறுக்கே இரும்புக் கம்பி கட்டிய சாலையில் மிதிவண்டிகள் எல்லாம் செல்ல, வைக்கோல் ஏற்றிய லாரி மட்டும் தட்டி நிற்பதுபோல, சிறு பொதிகள் கடந்துவிட நிறைபொதிகள் மட்டும் நிற்கின்றன. 'பொதி பெரிது, குறைத்து அனுப்புக' என்று திருப்பி அறிவிக்கும் ஏற்பாடும் இணையத்தில் இருக்கிறது. ஆனால் வழியிலுள்ள காவல் கருவிகள் சில, பாதுகாப்பு என்று கருதி அவ்வறிவிப்பையும் தடுத்துவிடுகின்றன. அனுப்புவோன் ஏதும் அறியாமல் அதே பெரும்பொதியை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருப்பான்.

இதனைச் சோதிக்கக் கணினியில் 'பிங்' என்னும் கட்டளை பயன்படும். துண்டாக்கலாகாது என்ற குறிப்புடன் 1472 பைட்டு அளவில் ஒரு பொதியை அனுப்புக. தலைப்புக்கு வேண்டிய 28 பைட்டும் சேர்ந்து அது 1500 ஆகும். அதற்கு மறுமொழி வாராது, 1464 பைட்டுக்கு மட்டும் வருமாயின், வழியின் அளவு 1492 என்பது உறுதி. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் எம்.டி.யு. என்னும் இடத்தில் அவ்வெண்ணை எழுதிவிட்டால் நாட்கணக்காய் நின்ற கோப்பும் ஓடத் தொடங்கும். பத்து ரூபாய்ச் செலவும் இல்லாத இத்திருத்தத்தை அறியாமல் புதிய பெட்டிக்குப் பணம் கொடுப்போர் உளர்.

இத்தனையும் பார்த்த பின்பும், கம்பியில், எல்லாத் தளத்திலிருந்தும், எந்நேரமும் கோப்பு தேங்குமாயின், குற்றம் வீட்டுக்கு வெளியிலுள்ள கம்பியிலோ நிலையத்திலோ இருக்கிறது. அப்பொழுதுதான் நிறுவனத்தாரை அழைத்தல் தகும். குறிப்பேட்டிலுள்ளபடி நாளும் நேரமும், கம்பியில் சோதித்ததும், பொதியின் அளவு கண்டதும் சொல்லுக. 'பெட்டியை அணைத்து ஏற்றிப் பாருங்கள்' என்ற முதல் விடையோடு அவர்கள் நின்றுவிட முடியாது.

பிழை தீரும்வரை கோப்புக்கு என்ன செய்வது? நாற்பது பங்கு வந்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குதல் வேண்டா. 'இத்தனையாவது பைட்டு முதல் அனுப்புக' என்று கேட்கும் வசதி 1997ஆம் ஆண்டிலேயே இணைய விதிகளில் இடம்பெற்றுவிட்டது. தளம் அதனை ஏற்குமாயின், இறக்கப் பட்டியலில் 'தொடர்க' என்னும் பொத்தானை அழுத்தினால் போதும். அண்டைவீட்டுப் பெட்டிகள் ஓய்ந்திருக்கும் விடியற்காலையில் அழுத்தினால், எஞ்சிய 6,000 பொதிகளும் பெரும்பாலும் தடையின்றி வந்து சேரும்.